தவளைப் படம் உங்களுடையதுதான், அம்மா

அம்மாவுக்கு, அன்போடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான கோபத்தோடும்,

நவம்பர் 15, சனிக்கிழமை, பகல் 12.40. பிராங்பேர்ட்டில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளிலும் சேர்த்து முப்பத்து நான்கு பேர். கனடாவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த ஏழு பேரை நான் சேர்க்கவில்லை. அந்த நிமிடத்தில்தான் உங்கள் பெயரோடு களவு என்ற சொல் ஒட்டிக்கொண்டது. முப்பத்து நான்கு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறேன்.

அன்று நீங்கள் செத்து முப்பத்தோராம் நாள். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன ஐயர் பத்தரைக்கு வந்தார். பதினொன்றுக்குக் கிரியை முடியும், பன்னிரண்டுக்குச் சாப்பாடு முடியும், பன்னிரண்டரைக்கு வருகிற மனிதரைப் படிக்கட்டில் வைத்தே பேசி அனுப்பிவிடலாம் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். எங்கள் ஆட்களின் கிரியைக்கு நிமிடக் கணக்கில் திட்டம் போட்ட மடையன் நான்தான்.

வந்த மனிதர் டீச்சரின் தம்பி மகன். எந்த டீச்சர் என்று உங்களுக்குத் தெரியும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. ஓம் அம்மா, மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள். உங்கள் நினைவுப் புத்தகத்தை, எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்று சொல்வதை, நூற்றைம்பது பிரதி அச்சடித்துக் கொடுத்தேன். அது போன வீடுகளுக்கெல்லாம் இந்தக் கடிதமும் போகும்.

அந்தக் கல்வெட்டின் மூன்றாம் பக்கத்தில் "ஜேர்மனியில் தனியார் நிறுவனமொன்றில் அலுவலகப் பணியாற்றி" என்று ஒரு வரி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு நீங்கள் சொன்ன வரி. "பூரோவில வேலை எண்டு போடு ராசா. மறந்துபோயிடாதை." மூச்சு வாங்க வாங்கச் சொன்னீர்கள். சாகப்போகிற மனுசிக்குக் கவலைப்பட வேறு ஒன்றும் இல்லையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் போட்டேன்.

அது பொய். நீங்கள் பூரோவில் வேலை செய்யவில்லை. இருபத்து மூன்று வருடம், கிழமைக்கு மூன்று நாள், எஸ்-பான் ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்கி, மேட்டில் இருந்த ஒரு பெரிய வீட்டைக் கூட்டித் துடைத்தீர்கள். மற்ற நாட்களில் வேறு வீடுகள். பூரோவுக்குப் போகிறவரைப்போலச் சேலையோ நல்ல பாவாடையோ உடுத்து, கைப்பைக்குள் றப்பர் கையுறையை மடித்து வைத்துக்கொண்டு போவீர்கள். அந்த மேட்டு வீட்டுக்காரிதான் டீச்சர். பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தனி ஆள்.

ஏன் மறைத்தீர்கள் என்று எனக்கு விளங்கும். நீங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அதிபரின் மகள். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது கையோடு கொண்டுவந்த கல்லூரிச் சான்றிதழை இங்கே ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு நாலு வயதில் அப்பா போன பிறகு, அந்தத் தும்புத்தடியும் வாளியும்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டன. ஆனால் விளங்குவது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதை உங்களிடம் சொல்லத்தான் எனக்குத் துணிவு வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கே பத்தொன்பது வயதில்தான் தெரியும். அவுஸ்பில்டுங் முதல் வருடம், உலோகத் தொழில் பழகப் போன காலம், லைசென்ஸ் எடுத்து ஒரு மாதம். போன் எடுத்தீர்கள். "ஆரிட்டையாவது கார் வாங்கிக்கொண்டு ஒருக்கா வாறியே? ஒரு சாமான் தூக்க வேணும். ஆருக்கும் சொல்லிப்போடாதை." வந்தேன். நீங்கள் சொன்ன விலாசத்தில், அந்த மேட்டு வீட்டில், கதவைத் திறந்தது நீங்கள். மேலே ஏப்ரன், தலையில் துணி. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சப்பாத்தைப் பார்த்தீர்கள்.

"துடைச்சுப்போட்டு வா. இப்பத்தான் நிலம் துடைச்சனான்."

இருபத்து மூன்று வருட இரகசியத்தை நீங்கள் எனக்குச் சொன்ன விதம் அதுதான்.

டீச்சர் முதியோர் இல்லத்துக்குப் போக ஆயத்தமாக இருந்தார். சுற்றிவர, நான் தூக்க வேண்டிய பெட்டிகள். சுவரில் ஒரு படம் மட்டும் மிச்சம். கறுப்பு வெள்ளை, ஒரு பெரிய புத்தகத்தை விரித்த அளவு. பதினெட்டாம் நூற்றாண்டுச் செதுக்குப் படம் என்றார். செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் தின்ன விட்டு, மை நிரப்பிக் காகிதத்தில் அழுத்தி எடுப்பது. எனக்குக் கதை பிடிபடுமுன் வேலை பிடிபட்டுவிட்டது. சட்டைப்பையில் இருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். குளத்து நீரும் அதில் நிற்கிற மனிதர்களும் பல தடவை அமிலத்தில் போட்டெடுத்த ஆழமான கோடுகள். நடுவில் குந்தியிருக்கிற பெண்ணின் முகம் ஒரே ஒரு தடவை அமிலம் பட்ட மெல்லிய கோடு. கிட்டப் போனால்தான் தெரியும்.

டீச்சர் கதை சொன்னார். அந்தப் பெண் பழைய ரோமானியக் கதைகளில் வருகிற லத்தோனா என்கிற தேவதை. தலைமைக் கடவுளுக்கு அவள் பிள்ளை பெற்றதால் அவருடைய மனைவிக்கு அவள்மேல் ஆத்திரம். ஒரு நாடும் அவளை ஏற்கக் கூடாது என்று கட்டளை. கையில் இரட்டைக் கைக்குழந்தைகளோடு நடந்து நடந்து ஒரு குளத்துக்கு வருகிறாள். நாக்கு வறண்டுவிட்டது. அங்கே கோரைப்புல் அறுக்கிற ஊர்க்காரர்கள் தண்ணீர் குடிக்க விடவில்லை. தண்ணீர் எல்லாருக்கும் பொது என்று கெஞ்சுகிறாள். அவர்கள் குளத்துக்குள் குதித்துக் காலால் சேற்றைக் கலக்குகிறார்கள். அவள் கையைத் தூக்கிச் சபிக்கிறாள். படத்தில் ஒருவனுக்கு ஏற்கெனவே தவளை வாய். இன்னொருவனுக்கு விரல்களுக்கிடையில் தோல் வளர்ந்துவிட்டது, அவன் இன்னும் அதைக் காணவில்லை.

நீங்கள் கையில் துணியோடு நின்றுகொண்டு கேட்டீர்கள்: "எனக்கு இது ஒண்டு மட்டும் விளங்கேல்லை டீச்சர். தண்ணி தர மாட்டம் எண்டவங்களைத் தவளை ஆக்கினால், பிறகு அந்தக் குளம் முழுக்க அவங்களுக்குத்தானே? அது தண்டனையோ, பரிசோ?" அதை உங்கள் உடைந்த ஜேர்மனில் கேட்டீர்கள், ஆனால் தெளிவாகக் கேட்டீர்கள்.

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். "நாற்பது வருடம் இந்தக் கதையைப் படிப்பித்தேன். ஒரு மாணவனும் இதைக் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போங்கள், இது உங்களுடையது." நான் இரண்டடி தள்ளி நின்றேன். என் இரண்டு காதாலும் கேட்டேன். அந்த அறையில் இருந்த மூன்று பேரில் இப்போது உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினோம். வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

"என்ன அக்கா, பிள்ளையார் மாட்டிற இடத்தில தவளை மாட்டி வச்சிருக்கிறியள்?"

"ஃப்ளோமார்க்டில கண்டனான். வடிவாக் கிடந்துது, வாங்கினன்."

பழைய சாமான் சந்தையில் வாங்கியதாம். டீச்சர் தந்தது என்றால் எந்த டீச்சர் என்பார்கள், டீச்சர் வீட்டில் உங்களுக்கு என்ன வேலை என்பார்கள். அதற்காக ஒரு சின்னப் பொய். பத்து வருடம் அந்தப் பொய் சுவரில் தொங்கியது. நானும் அதன் கீழே இருந்து சாப்பிட்டேன்.

நீங்கள் போன இரண்டாம் கிழமை, வீட்டில் நீங்கள் இல்லாத சத்தம் தாங்காமல், அந்தப் படத்தைச் செய்தவர் யாரென்று தேடத் தொடங்கினேன். இணையத்தில் பழைய படங்கள் சேர்ப்பவர்கள் கூடுகிற ஒரு பக்கம். படம் எடுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் டீச்சரின் தம்பி மகனிடமிருந்து மரியாதையான ஒரு மடல். "மூலையில் உள்ள முத்திரை என் தாத்தாவுடையது. அத்தை இறந்த பிறகு இந்தப் படத்தை நாங்கள் தேடினோம். உங்களிடம் எப்படி வந்தது என்று அறியலாமா?"

பதில் எழுத நாலு நிமிடம் போதும். என் அம்மா உங்கள் அத்தையின் புட்ஸ்ஃபிராவ், அவர் விரும்பித் தந்தார். முடிந்தது. ஆனால் புட்ஸ்ஃபிராவ், துப்புரவுக்காரி, அந்தச் சொல்லில் என் விரல் நின்றுவிட்டது அம்மா. உங்களை நான் குறை சொல்கிறேன், பாருங்கள். அழித்துவிட்டு, "நேரில் விளக்குகிறேன், சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு வாருங்கள்" என்று எழுதினேன்.

மணி அடித்தபோது நான் சமையலறையில் சோற்றுச் சட்டியோடு நிற்கிறேன். கதவைத் திறந்தது உங்கள் அண்ணை, என் மாமா. கெல்சென்கிர்ச்சனிலிருந்து முதல் நாளே வந்து, வீட்டையும் என்னையும் பொறுப்பெடுத்திருந்தார்.

"மன்னியுங்கள், விருந்தாளிகள் இருப்பது தெரியாது," என்றார் அந்த மனிதர். "கதவில் உள்ள பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த வீட்டு அம்மா என் அத்தையிடம் துப்புரவு வேலை செய்தவர்தானே? படம் பற்றிப் பேச வந்தேன்."

மாமா திரும்பி அறையைப் பார்த்தார். சோறு பிசைந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. "நைன், நைன்," என்று மறுத்தார், தனக்குத் தெரிந்த ஜேர்மன் முழுவதையும் திரட்டிக்கொண்டு. "பிழையான வீடு. என் தங்கச்சி துப்புரவு இல்லை. பூரோ. பெரிய பூரோ."

"அப்படியென்றால் படம் எப்படி வந்தது?"

"ஃப்ளோமார்க்ட். வாங்கினது."

அந்த மனிதர் உள்ளே இரண்டடி வைத்து, படத்தின் மூலையைத் தொடாமல் காட்டினார். "இது என் தாத்தாவின் முத்திரை. இந்தப் படம் ஒரு சந்தைக்கும் போனதில்லை. அவர் அத்தையிடம் வேலை செய்யவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் அத்தை இதைக் கொடுத்திருக்க வழியில்லை. களவு போயிருக்கிறது. எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை."

கத்தவில்லை. அதுதான் தாங்க முடியாதது. "துக்க வீட்டில் போலீஸ் கதை வேண்டாம். படத்தை மட்டும் தாருங்கள்," என்றார். நல்ல மனிதர். நாங்கள் சொன்ன பொய்யை அப்படியே நம்பி, அதிலிருந்து சரியான முடிவுக்கு வந்தார்.

எனக்கு வாய் இருந்தது. ஜேர்மன் அவரைவிட வேகமாக வரும். மாமா என் காதுக்குள், "குடுத்து விடு தம்பி, சனம் பாக்குது," என்றார். வேலையில் நான் உலோகத் துண்டுகளை அளக்கிறவன். ஒரு துண்டு மயிரிழையில் பாதி பிசகினாலும் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நிறுத்துவேன். மேலாளர் குதித்தாலும் நிறுத்துவேன். அன்றைக்கு ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, தூசி தட்டி, அவர் கையில் கொடுத்தேன். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னால் இரண்டு அன்ரிமார்.

"ஆர் அந்த வெள்ளை?"

"படம் தேடி வந்தவராம்."

"களவு எண்டல்லோ சொன்னவர்?"

"சத்தம் போடாதை. பருப்பை இஞ்சால தள்ளு."

மறுநாள் ஒரு கூட்டாளி போன் எடுத்தான். "மச்சான், அம்மா மியூசியத்தில கை வச்சவவாமே, உண்மையோ?" ஒரு நாளில் மேட்டு வீடு மியூசியமாகிவிட்டது.

ஆட்கள் போன பிறகு மாமாவைப் பிடித்தேன். "ஏன் மாமா பொய் சொன்னீங்கள்? அவ அங்கதான் வேலை செய்தவ எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அதுக்கு? நீ வேலைக்காரியின்ர மகன் எண்டு சொல்லிக்கொண்டு திரியப் போறியோ?"

"களவெடுத்தவவின்ர மகன் எண்டு திரியலாமோ?"

"களவை ஆரும் நிரூபிக்கேல்லை. நாலு நாள் கதைச்சுப்போட்டு விட்டிடுவாங்கள். கூட்டித் துடைச்சவள் எண்டால் அது தலைமுறைக்கும் நிக்கும். உனக்குக் கலியாணம் பேச வேண்டாமோ?"

மாமா பகிடி விடவில்லை. முழு நம்பிக்கையோடு சொன்னார். வாளியைவிடக் களவு மேல் என்று கணக்குப் போட்டுவிட்டு இடியப்பத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார். அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கை நீங்களும் போட்டிருக்கிறீர்கள்.

இல்லையா? படம் வந்த கிழமையே அதைக் கழற்றி எனக்கு முன்னால் வைத்தீர்கள். பின் அட்டையில் டீச்சர் நீல மையால் எழுதியிருந்தார். உங்கள் முழுப்பெயர். கீழே, "இருபத்து மூன்று வருடம் என் வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தவருக்கு. இனி இது அவருடையது." தேதி, கையெழுத்து.

"துப்புரவு எண்டு எழுதிப்போட்டாவே," என்றீர்கள். "இதுக்கு மேல ஒரு தாள் ஒட்டு."

"ஆரம்மா படத்தைக் கழட்டிப் பின்னுக்குப் பாக்கிறது?"

"எங்கட சனம் பாக்கும்."

சிரித்துக்கொண்டே பழுப்புத் தாளை வெட்டி, சுவர்க் காகிதம் ஒட்டுகிற பசையைக் கரைத்து, குமிழி இல்லாமல் நேர்த்தியாக ஒட்டினேன். நல்ல வேலைக்காரன் நான். உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே எழுத்தை நானே மூடி, பத்து வருடம் கழித்து நானே தூக்கிக் கொடுத்தேன். இப்போது அது அந்த மனிதரின் வீட்டில் இருக்கிறது. தன் கையில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

அந்தப் பசை முழுக்கத் தண்ணீர். அந்த மை பேனா மை. ஓடியிருக்குமா? இதை ஒட்டும்போது நான் யோசிக்கவில்லை, ஒரு கிழமையாக வேறொன்றும் யோசிக்கவில்லை. தாளை எடுத்தால் எழுத்து இருக்கலாம். நீலக் கறை மட்டும் இருக்கலாம். எழுத்து இருந்தால் காட்டுவோம், இல்லாவிட்டால் பேசாமல் இருப்போம் என்று முதலில் நினைத்தேன். பிறகு என்மேலேயே அருவருப்பு வந்தது. ஒரு அட்டை பேசினால்தான் நானும் பேசுவேனா? நான் அங்கே நின்றவன் அல்லவா?

ஆகவே உங்கள் இரகசியத்தை உடைக்கிறேன். உங்களிடம் கேட்க வழி இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "களவெண்டே இருக்கட்டும் ராசா, நீ வாயை மூடு" என்றா? அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள் என்று ஒரு பயம் இருக்கிறது. அப்படிச் சொல்லியிருந்தாலும் நான் கேட்கமாட்டேன். நீங்கள் செய்யாததை உங்கள் தலையில் கட்டி, நீங்கள் செய்ததை ஒளித்து வைப்பதற்குப் பெயர் மரியாதை என்றால், அந்த மரியாதையை மாமாவே வைத்துக்கொள்ளட்டும்.

இனிச் செய்யப்போவது இது. இது என் வாக்கு.

1. நாளை ஞாயிறு, கெல்சென்கிர்ச்சனுக்குப் போய் மாமாவுக்கு இந்தக் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து வாசித்துக் காட்டுவேன். அவர் மற்றவர்களிடமிருந்து கேள்விப்படக் கூடாது. கதவைச் சாத்தினால் படிக்கட்டில் நின்று வாசிப்பேன்.

2. திங்கள் காலை எட்டு மணிக்கு டீச்சரின் தம்பி மகனுக்குப் போன் எடுப்பேன். மடலில் எழுதாமல் விட்ட அந்தச் சொல்லை முதலில் சொல்வேன். பிறகு, பின் தாளைக் காய்ந்தபடி கிழிக்க வேண்டாம், நன்றாகப் பிழிந்த ஈரப் பஞ்சு வைத்துக் கால் மணிநேரம் பொறுக்கவும் என்று சொல்வேன். அவர் விட்டால் நானே போய்ச் செய்வேன்.

3. எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் கண்டதையும் கேட்டதையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பேன். படத்தைத் திருப்பித் தருவதும் தராததும் அவர் விருப்பம். களவு என்று சொன்னதை எழுத்தில் திரும்பப் பெறும்வரை விடமாட்டேன்.

4. கல்வெட்டின் மூன்றாம் பக்கத்தைத் திருத்தி அச்சடித்து, இந்தக் கடிதத்தோடு நூற்றைம்பது வீட்டுக்கும் அனுப்புவேன்.

5. எனக்குக் கலியாணம் பேசி வருகிற எந்த வீட்டிலும், அம்மா என்ன வேலை செய்தவர் என்று அவர்கள் கேட்குமுன் நானே சொல்வேன்.

6. இரகசியத்தை உடைத்ததற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். சனிக்கிழமை 12.40க்கு வாய் மூடி நின்றதற்குக் கேட்கிறேன். அதை நீங்கள் தரத் தேவையில்லை.

வீடு துடைத்தவரின் மகன்,
உங்கள் ராசா